பூங்காவனம் ஊதாத தீக்குச்சி

பூங்காவனத்துக்கு வாய் அடங்காது என்று எங்கள் தீவின் தெற்கே ரிவியேர் தே ஸாங்கீய் சந்தையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காய்கறிக் கடையில் அவள் கணவன் ஆறுமுகம் ஒரு வார்த்தை பேசி முடிப்பதற்குள், இவள் விலையைச் சொல்லி, கொசுறும் போட்டு, வாங்க வந்தவளின் மாமியார் சவுக்கியமா என்றும் கேட்டு முடித்திருப்பாள். அப்பேர்ப்பட்டவள் ஆஸ்பத்திரியில் எரிகிற ஒரு தீக்குச்சிக்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டு, காற்றே வராமல் உட்கார்ந்திருந்தாள் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். கதையே அதுதான்.

இங்கிலீஷ்காரனிடமிருந்து தீவுக்குச் சுதந்திரம் வேண்டும் வேண்டாம் என்று பஸ்ஸில் ஏறியவர்களெல்லாம் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. பூங்காவனம் சந்தை இல்லாத நாளெல்லாம், பல வருஷமாகக் கற்றாழை நார் ஆலையில் நார் சீவிக்கொண்டிருந்தவள். அந்தத் தூசி சும்மா விடுமா? முதலில் இருமல், பிறகு காய்ச்சல், கடைசியில் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு, மோகா போகிற வழியில் மேட்டின்மேல் இருந்த நெஞ்சு ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். நீரை எடுத்தார்கள், ஊசி போட்டார்கள், காய்ச்சல் போயிற்று. இனிமேல் மருந்துக்கு வேலை இல்லை, மூச்சுக்குத்தான் வேலை என்று டாக்டர் அவளை ஜிசெல்லிடம் ஒப்படைத்துவிட்டார்.

ஜிசெல் காத்ர் போர்ன் ஊர்க்காரி. லண்டனுக்குப் போய் மூச்சுப் பயிற்சி சொல்லித்தரப் படித்துவிட்டு வந்த சின்னப் பெண். ஊசி போடமாட்டாள், மாத்திரை தரமாட்டாள். நோயாளிகளைப் படுக்கவைத்து வயிற்றின்மேல் அரிசிப் பையை வைத்து, மூச்சை இழு, பை மேலே வரட்டும், விடு, பை கீழே போகட்டும் என்பாள். இதற்கு லண்டன் வரைக்கும் போகவேண்டுமா என்று பூங்காவனம் முதல் நாளே கேட்டுவிட்டாள். அவர்கள் பேசியதெல்லாம் க்ரியோல், தீவில் எல்லாரும் பேசுகிற பிரெஞ்சுக் கலப்புப் பேச்சுதான். பூங்காவனத்துக்குத் தமிழ் கோயிலோடும் கோபத்தோடும் சரி. நான்தான் உங்களுக்காக எல்லாவற்றையும் தமிழில் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

வார்டில் ஒரு மேஜைமேல் இரண்டு பெரிய கண்ணாடி ஜாடிகள் இருந்தன. நடுவே ரப்பர் குழாய். ஒன்றில் நீலத் தண்ணீர். அதன் மூடியில் செருகிய இன்னொரு குழாயை வாயில் வைத்து ஊதினால் தண்ணீர் அந்த ஜாடியிலிருந்து இந்த ஜாடிக்கு ஏறும். எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு மூச்சு. பூங்காவனத்துக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. பக்கத்துக் கட்டில் மார்லெனோடு போட்டி போட்டுக்கொண்டு ஊதுவாள். மார்லென் மாஹேபூர் மீனவர் வீட்டுப் பெண், நல்ல உருண்டு திரண்ட உடம்பு. அவளை ஜெயித்துவிட்டால் அன்றைக்கு முழுக்கப் பூங்காவனத்தின் அலட்டல் தாங்காது.

ஆனால் வீட்டுக்கு அனுப்புவது ஜாடியைப் பார்த்து இல்லை. டாக்டருக்கு ஒரு கணக்கு இருந்தது. நெஞ்சில் எவ்வளவு காற்று இருக்கிறது என்பது ஒன்று, அது எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்பது வேறு. மெதுவாக ஊதி ஜாடியை நிரப்பிவிடலாம், ஆனால் நெஞ்சுக்குள் மூச்சுக் குழாய்கள் சுருங்கிப் போயிருந்தால் வேகம் வராது. அதை அளக்க ஒரு மிஷின் கப்பலில் வந்துகொண்டிருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் கப்பல் எந்தக் கடலில் சுற்றிக்கொண்டிருந்ததோ, யாருக்கும் தெரியாது. அதுவரைக்கும் தீக்குச்சிதான் மிஷின். ஜிசெல் ஒரு குச்சியைக் கிழித்து, முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடிப்பாள். உதட்டைக் குவிக்கக் கூடாது. வாயை ஆவென்று திறந்து, ஒரே மூச்சில் அணைக்க வேண்டும். அணைந்தால் செவ்வாய்க்கிழமை டாக்டர் வந்து கையெழுத்துப் போடுவார், மூட்டையைக் கட்டலாம். அணையாவிட்டால் மறுபடி அரிசிப் பை.

மார்லென் ஹாவென்றாள், குச்சி அணைந்தது. ஊசிக் கணக்கு முடிய இன்னும் இரண்டு வாரம் பாக்கி, இல்லாவிட்டால் அவள் அந்தச் செவ்வாயே மூட்டை கட்டியிருப்பாள். பூங்காவனம் வாயைத் திறந்தாள். திறந்தபடியே இருந்தாள். குச்சி ஜிசெல்லின் விரல் வரைக்கும் எரிந்து, அவள்தான் கையை உதறி அணைத்தாள்.

அடுத்த வாரமும் அதே கதை.

ஜிசெல்லுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மதாம் பூங்காவனத்தின் ஜாடி நிறைகிறது, மாடிப்படி ஏறுகிறாள், மூச்சு வாங்கவில்லை, வாய்ப்பேச்சில் குறைச்சலே இல்லை. தீக்குச்சியைக் கண்டால் மட்டும் காற்று எங்கே போகிறது? நெஞ்சுக் குழாய்கள் இன்னும் இறுகித்தான் இருக்கின்றன என்றார் டாக்டர். இன்னும் இரண்டு மாசம் இருக்கட்டும் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு மாசம்! பூங்காவனம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் மகன் திருவேங்கடத்துக்குக் கல்யாணம். காவடி முடிந்த கையோடு தை மாசத்திலேயே முகூர்த்தம் வைத்தாகிவிட்டது. இவள் படுத்ததால் ஒரு தடவை தள்ளிப்போட்டாயிற்று. பெண் வீட்டார் முகம் சுளிக்காமல் ஒத்துக்கொண்டார்கள். இன்னொரு தடவை தள்ளுங்கள் என்று கேட்க எந்த வாய் வரும்? அம்மா இல்லாவிட்டாலும் கல்யாணம் நடக்கும். நடக்கத்தான் வேண்டும். ஆனால் வாசலில் நின்று மருமகளுக்கு ஆரத்தி சுற்றி உள்ளே அழைப்பது யார்?

யார் என்று வேறு கேட்கவேண்டுமா, ஓரகத்தி தெய்வானைதான். போன ஞாயிறு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள். அக்கா உடம்பைத் தேற்றிக்கொள்ளட்டும், ஒன்றுக்கும் கவலைப்பட வேண்டாம், ஆரத்தியெல்லாம் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் அதற்கென்று அரக்கு நிறத்தில் ரவிக்கையும் தைத்துவைத்திருப்பதைச் சேர்த்துச் சொன்னாளே, அங்கேதான் பூங்காவனத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆரஞ்சுப் பழம் அவ்வளவையும் மார்லென் தின்றாள்.

சரி, ஊதித் தொலைக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். எரிகிற தீயை வாயால் ஊதி அணைப்பது நம் வீடுகளில் உண்டா? பூவால் ஒற்றுவோம், திரியை உள்ளே இழுப்போம், கையால் விசிறுவோம். வாயை வைத்து ஊதமாட்டோம். இது பூங்காவனம் கண்டுபிடித்த சட்டம் இல்லை. அதிலும் இப்போது என்ன சமயம்? கல்யாணத்துக்கு நாள் குறித்த அன்றே அவள் சாமி அறையில் விளக்கேற்றி, மருமகள் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும் வரைக்கும் இது அணையக் கூடாது என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டவள். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு ஆறுமுகம்தான் அதற்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தான். பார்க்க வரும்போதெல்லாம் அவள் கேட்கிற முதல் கேள்வி விளக்கு எரிகிறதா என்பதுதான். அங்கே புருஷன் விளக்கைக் காப்பாற்றிக்கொண்டிருக்க, இங்கே இவள் வாயால் தீயை அணைப்பதா? கல்யாணத்துக்குப் போகவேண்டும் என்றால் ஊதவேண்டும். கல்யாணம் நன்றாக இருக்கவேண்டும் என்றால் ஊதக் கூடாது. நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தாள்.

இதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காவடி விரதத்துக்கு அவள் பத்தியமாக இருந்தபோது, உங்கள் சாமிகள்தான் என் நோயாளிகளைக் கொல்கிறார்கள் என்று தலைமை நர்ஸ் வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தியிருந்தாள். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. மறுபடி ஒரு சிரிப்புக்கு ஆளாக அவள் தயாராக இல்லை.

திங்கட்கிழமை காலை ஜிசெல் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். நாளைக்கு டாக்டர் வருகிறார், இது கடைசி வாய்ப்பு, இன்னொரு தடவை முயற்சி செய்யலாம் என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தாள். தீப்பெட்டியைப் பார்த்ததும் பூங்காவனம் அழுதுவிட்டாள். தேம்பித் தேம்பி, மூக்கைச் சிந்தி, நல்ல நெஞ்சு இருக்கிறவளால் மட்டுமே முடிகிற அழுகை.

"என்னால ஊத முடியும் மாம்ஸெல். ஊதமாட்டேன், அவ்வளவுதான். எரியிற தீயை வாயால அணைச்சிட்டு, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு என் மருமகளுக்கு ஆரத்தி எடுப்பேன்?"

பிறகு மடை திறந்த மாதிரி எல்லாம் வந்தது: விளக்கு, வேண்டுதல், தெய்வானை, அரக்கு ரவிக்கை. ஜிசெல் சிரிக்கவில்லை. ஆனால் விடவும் இல்லை. இது விளக்கு இல்லையே, வெறும் தீக்குச்சிதானே என்றாள்.

"விளக்கு எதுல இருந்து பொறக்குது? தீக்குச்சியில இருந்துதானே?"

ஜிசெல் தீப்பெட்டியைத் திரும்பப் பையில் போட்டாள். இவ்வளவு நாளும் தான் அளந்தது இந்தப் பெண்ணின் மூச்சை இல்லை, பிடிவாதத்தை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தலையில் கைவைத்துக்கொண்டாள். வேறு எதையாவது ஊதச் சொல்லலாம். காகிதம்? இறகு? அதெல்லாம் லேசாக மூச்சு பட்டாலே பறந்துவிடும், டாக்டர் ஒத்துக்கொள்ளமாட்டார். தீ மாதிரி கொஞ்சம் முரண்டு பிடிக்கிற பொருளாக வேண்டும் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, வராந்தாவில் சலவைக்காரி இவெட் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியைத் திறந்து, கனல் போதாமல் முறத்தால் விசிறிக்கொண்டிருந்தாள்.

பூங்காவனம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். அணைக்கத்தானே கூடாது, எரியவைக்கச் சொல்லுங்கள், நாள் முழுக்க ஊதுகிறேன் என்றாள்.

ஜிசெல் படித்தவள்தான், ஆனாலும் சுவாரஸ்யம் என்று வந்துவிட்டால் சின்னக் குழந்தை. இவெட்டிடம் சாம்பல் பூத்த ஒரு கரித்துண்டை வாங்கி மண் தட்டில் வைத்தாள். அதே ஒரு சாண் தூரம், அதே திறந்த வாய். முதலில் மார்லெனை ஊதவைத்தாள். அவள் தீக்குச்சியை அணைத்தவள். கரி பளிச்சென்று சிவந்தது. அடுத்து, தீக்குச்சியை அணைக்க முடியாத ஜெரால்டின் கிழவியை ஊதவைத்தாள். பாவம், சாம்பல்கூட அசையவில்லை. ஆக, கரியும் குச்சியும் ஒரே நியாயம்தான் சொல்கின்றன. ஜிசெல்லுக்குக் கண்ணெல்லாம் மின்னியது. மார்லெனையும் ஜெரால்டினையும் இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று அவள் ஊதவைத்ததில், சாப்பாட்டு வண்டி வந்து காத்துக்கொண்டு நின்றது. பூங்காவனத்தை மட்டும் ஊதவிடவில்லை. நாளைக்கு டாக்டர் முன்னால்தான் என்று சொல்லிவிட்டாள்.

அன்றைக்குப் பூங்காவனத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை வாரமாக ஊத முடியும், ஊதமாட்டேன் என்று மனசுக்குள் வீறாப்பாக இருந்தாளே, உண்மையாகவே ஊத முடியுமா? வேகமாக ஊதிப் பார்த்தது நோய் வருவதற்கு முன்பு. டாக்டர் சொன்னதுபோல நெஞ்சு நிஜமாகவே இறுகிக் கிடந்தால்? இதுவரை சாமியைக் காட்டித் தப்பித்தாயிற்று. இனி சாக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. மார்லெனிடம்கூட அதைச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை டாக்டர் வந்தார். நெட்டையான ஸ்காட்லாந்துக்காரர், வெள்ளைக் கோட்டு, கழுத்தில் நீலப் பட்டை. ஜிசெல் கரிக் கதையைச் சொல்லச் சொல்ல அவர் புருவம் ஏறிக்கொண்டே போயிற்று. புகை கூடாதே என்றார். கரியில் புகை இல்லை என்று இவெட் வராந்தாவிலிருந்தே பதில் சொன்னாள். சரி பார்க்கலாம் என்று, தட்டுக்குப் பின்னால் குனிந்து நின்றார்.

பூங்காவனம் வாயைத் திறந்தாள். ஊதினாள். எங்கிருந்தோ ஒரு இருமல் வந்து குறுக்கே நின்றது. கரி அப்படியே கிடந்தது. ஜிசெல்லின் முகம் சுருங்கிப்போனதை அவள் பார்த்தாள். டாக்டர் நிமிரப் பார்த்தார்.

"இருங்க," என்றாள் பூங்காவனம்.

கண்ணை மூடிக்கொண்டாள். அரிசிப் பையை நினைத்துக்கொண்டு வயிற்றிலிருந்து மூச்சை இழுத்தாள். பை ஏறட்டும், ஏறட்டும், இன்னும் ஏறட்டும். தெய்வானையின் அரக்கு ரவிக்கையையும் ஒரு தடவை நினைத்துக்கொண்டாள், பொய் சொல்வானேன். வாயை ஆவென்று திறந்து விட்டாள் பாருங்கள் ஒரு மூச்சு. கரி ரத்தமாகச் சிவந்தது, பொறி பறந்தது, சாம்பல் அவ்வளவும் எழும்பி டாக்டரின் கழுத்துப் பட்டையிலும் மூக்குக் கண்ணாடியிலும் போய் உட்கார்ந்தது. மார்லென் கட்டில்மேல் ஏறி நின்று கைதட்டினாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார், கரியை ஒரு தரம் பார்த்தார், பேனாவைக் கேட்டார். நார் ஆலைப் பக்கம் இனித் தலைவைத்துப் படுக்கக் கூடாது, தினமும் அரிசிப் பையை மறக்கக் கூடாது, கல்யாண வீட்டு அடுப்படியில் போய் நிற்கக் கூடாது என்று மூன்று கட்டளை போட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அப்புறம் தும்மினார்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அதை விவரிக்க உட்கார்ந்தால் பொழுது போய்விடும். கோயிலில் தாலி கட்டி, வாழை இலையில் ஏழு கறியோடு பந்தி நடந்து, மாப்பிள்ளையும் பெண்ணும் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். மணப்பெண் காமாட்சி தலைகுனிந்து நின்றாள், ஆனால் ஓரக்கண்ணால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தெய்வானை அரக்கு ரவிக்கை போட்டிருந்தாள். அது அவளுக்கு நன்றாகவே இருந்தது என்பதைப் பூங்காவனம் ஒப்புக்கொண்டாள், மனசுக்குள். ஆலம் கரைத்த தட்டைக் கொண்டுவந்து கொடுத்ததும் தெய்வானைதான். சிவந்த தண்ணீர், மேலே வெற்றிலை, வெற்றிலைமேல் கற்பூரம். பூங்காவனம் தட்டை வாங்கி மகனுக்கும் மருமகளுக்கும் முன்னால் தூக்கிப் பிடித்தாள். கற்பூரம் எரிந்தது. இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே அவ்வளவும்.

முதல் சுற்றுச் சுற்றினாள். இரண்டாவது சுற்றில் தட்டு அவள் முகத்துக்கு நேரே வந்தது. அப்போது கூட்டத்தில் ஜிசெல் கண்ணில் பட்டாள். மார்லெனோடு பஸ் பிடித்து வந்து, யாரோ கட்டிவிட்ட சேலை அவிழ்ந்துவிடுமோ என்று ஒரு கையால் பிடித்தபடி நின்றிருந்தாள். அவளும் பதற்றத்தில் இருந்தாள் போல. பூங்காவனத்தின் முகமும் அதற்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் தீயும் தெரிந்ததும், பழக்க தோஷம், தன்னை அறியாமல் மற்றக் கையைச் சாண் போல விரித்து, வார்டில் நோயாளிகளுக்குச் செய்துகாட்டுவதுபோல வாயை ஆவென்று திறந்தாள்.

பூங்காவனம் சிரித்துவிட்டாள். அடக்க நினைத்தாள், எங்கே அடங்குகிறது? வயிற்றிலிருந்து கிளம்பின சிரிப்பு, நெஞ்சு முழுக்க நிறைந்து, வாய்வழியே வெடித்தது. கற்பூரம் அணைந்துபோயிற்று.

நாதஸ்வரம்கூட நின்றது. தட்டில் இருந்த கறுத்த வெற்றிலையைப் பார்த்தபடி பூங்காவனம் நின்றாள். எத்தனை வாரம், எத்தனை தீக்குச்சி. எல்லாவற்றையும் காப்பாற்றிக்கொண்டு வந்து இங்கேயா?

"அக்கா, அணைஞ்சிடுச்சே," என்றாள் தெய்வானை. குரலில் குத்தல் இல்லை, பயம்தான் இருந்தது. யாரோ தீப்பெட்டி தேடி ஓடினார்கள்.

பூங்காவனம் திரும்பி வீட்டுக்குள் பார்த்தாள். கூடத்தைத் தாண்டி, சாமி அறையில், ஆறுமுகம் எண்ணெய் ஊற்றிக் காத்த விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு மறுபடி சிரிப்பு வந்தது.

"வேண்டிக்கிட்ட விளக்கு உள்ள எரியுது, பாரு. இது என் சிரிப்புல போனது. மருமக வர்ற நேரத்துல மாமியார் சிரிச்சா யாருக்கு என்ன கெட்டுப்போகும்? அந்தத் தூபக்கால எடு தெய்வானை."

வாசல் ஓரத்தில் சாம்பிராணி போட்டு முடிந்து, தூபக்காலில் கரி சாம்பல் பூத்துக் கிடந்தது. தெய்வானை இடுக்கியால் ஒரு துண்டை எடுத்து, வெற்றிலைமேல் வைத்த புதுக் கற்பூரத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். பூங்காவனம் கண்ணை மூடினாள், வயிற்றிலிருந்து இழுத்தாள், வாயை ஆவென்று திறந்து, இந்தத் தடவை இதமாக, நீளமாக ஊதினாள். கரி சிவந்து, இன்னும் சிவந்து, கற்பூரம் குப்பென்று பற்றிக்கொண்டது. தெய்வானை ஐயோ என்று கையை இழுத்துக்கொண்டு, பிறகு அவளும் சிரித்துவிட்டாள். நாதஸ்வரக்காரர் விட்ட இடத்திலிருந்து பிடித்தார். மூன்று சுற்றும் சுற்றி, பொட்டு வைத்து, வலது காலை எடுத்துவைத்து வா என்று பூங்காவனம் வழிவிட்டாள்.

காமாட்சி படியேறி உள்ளே வந்தவள், மாமியாரைக் கடக்கும்போது தாழ்ந்த குரலில் கேட்டாள், எதற்கு அப்படிச் சிரித்தீர்கள் என்று.

"பெரிய கதைம்மா. எல்லாத்தையும் சொல்றேன்," என்றாள் பூங்காவனம். "மூச்சுக்கு இப்ப எனக்கென்ன குறைச்சல்?"